‘புளூட்’ ரிவோல்வரும் ‘ஸ்டெயின்லெஸ்’ ரிவோல்வரும்: சொல்லில் என்ன இருக்கிறது?

ரிவோல்வர் பற்றிய விபரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற இரண்டு சொற்கள் இவை. முதலாவதை நீலப் பெயின்ட் என்றும் இரண்டாவதை ஏதோ வெள்ளி முலாம் என்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே பிழை.

புளூட் என்றால் பூசியது இல்லை. காரமும் நைத்திரேற்று உப்பும் கலந்து, ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் கொதிக்கிற கரைசலில் சாதாரண உருக்கைப் போட்டுவைத்தால் அதன் மேற்பரப்பே மெல்லிய கரிய படலமாக மாறிவிடும். அந்தப் படலம் மக்னடைற்று, அதாவது இரும்பின் ஒட்சைட்டு. நமக்குத் தெரிந்த செந்துருவும் இரும்பின் ஒட்சைட்டுதான் என்பதால், கட்டுப்பாட்டோடு பிடிக்கவைத்த துரு என்றே இதைச் சொல்லலாம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நீலம் தட்டும், பெயரும் அதனால்தான் வந்தது. ‘நீல நிற’ என்று தமிழாக்கினால் பெயின்ட் குழப்பம் தீராது. ‘நீலமூட்டிய உருக்கு’ என்பது என் தெரிவு.

ஸ்டெயின்லெஸ் கதை வேறு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உலோகவியலாளர் ஹரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் சீக்கிரம் அரித்துப்போகாமல் இருக்க வழி தேடித்தான் உருக்கில் குரோமியத்தைக் கூடுதலாகக் கலந்து பார்த்தார். ஆனால் பேர் எடுத்தது சாப்பாட்டு மேசைக் கத்தி. கத்தி செய்கிற ஏர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதை வினாகிரியில் சோதித்து, கறை பிடிக்கவில்லை என்று கண்டு இந்தப் பெயரை வைத்தார். துப்பாக்கிக்காகத் தொடங்கிய உருக்கு ரிவோல்வருக்கு வந்துசேர 1965 ஆனது, அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அன்ட் வெஸனின் மொடல் 60 மூலம்.

எங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் இது ‘கறையில் உருக்கு’. கறை இல்லாத உருக்கு என்ற பொருளில் வைத்த சொல்தான், ஆனால் ‘கறையில்’ என்றதும் கறைக்குள் கிடக்கிற உருக்கு என்றுதானே வாசிக்கத் தோன்றும்! தமிழ்நாட்டில் ‘துருப்பிடிக்காத எஃகு’, பேச்சில் எவர்சில்வர். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வெறும் ‘சில்வர்’; அதில் வெள்ளி துளியும் கிடையாது. எஃகு நல்ல பழைய சொல், 759ஆம் குறளில் ஆயுதம் என்ற பொருளிலேயே வருகிறது. எனக்கு இடிப்பது ‘துருப்பிடிக்காத’ என்ற வாக்குறுதிதான். பத்தரை வீதத்துக்குக் குறையாத குரோமியம் மேலே ஒரு படலம் கட்டி, கீறல் விழுந்தாலும் தானாக மூடிக்கொள்கிறது, சரி. ஆனால் உப்பு வியர்வையோடு துடைக்காமல் விட்டால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். ‘துருவெதிர் உருக்கு’ என்றால் உண்மைக்குக் கிட்ட நிற்கும்.

ரிவோல்வருக்குச் ‘சுழல் துப்பாக்கி’ போதும். ‘கைத்துப்பாக்கி’ என்றால் பிஸ்டலும் சேர்ந்துவிடும்.

அப்புறம், எதைத் தெரிவுசெய்வது? இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உள்ளவருக்குத்தான் இந்தக் கேள்வியே. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நீலமூட்டியது, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி மாதிரி, எண்ணெய்த் துணி படாமல் கிடந்தால் சிவந்துவிடும். அந்தப் படலம் தனியாகப் பெரிதாகக் காக்காது, எண்ணெயைப் பிடித்துவைப்பதுதான் அதன் முக்கிய வேலை. தோல் உறைக்குள் வைத்தே பூட்டினால் இன்னும் மோசம், தோல் ஈரத்தை விடாது. தேய்ந்த இடத்தில் மறுபடி நீலமூட்டத்தான் வேண்டும்; துருவெதிர் உருக்கில் கீறலைத் தேய்த்தே எடுக்கலாம். கரிய அழகு நீலமூட்டியதற்குத்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஈரத்துக்கு நான் சொல்வது துருவெதிர் உருக்கைத்தான்.