முள்ளின்மேல் ஒரு ரூபாய் நாணயம்

சென்ற மாதம் சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஓர் இளைஞர், சூட்கேஸ் போல மூடித் திறக்கும் ரிக்கார்டு பிளேயர் ஒன்றை என் மேசைமேல் வைத்து, "அண்ணா, தட்டு எகிறுது, முள்ளை மட்டும் மாத்திக் குடுங்க" என்றார். மூடியைத் திறந்து பார்த்தால், முள் பொருத்திய கையின் நுனியில் செல்லோடேப் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் ஒட்டப்பட்டிருந்தது. எகிறாமல் இருக்க அப்படிச் செய்யலாம் என்று ஏதோ ஒரு காணொளியில் பார்த்தாராம். இந்த ஆண்டில் நான் பிய்த்தெடுத்த நான்காவது நாணயம் இது. ஆகவே கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வேலூரும் திருவண்ணாமலையும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அன்று பழுதுக்கு வந்த பிளேயர்கள் பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களுடையவை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் இரவு பகலாக ஓடித் தேய்ந்தவை. கேசட் வந்ததும் அவை பரண் ஏறின. இப்போது சில ஆண்டுகளாக மீண்டும் வருகின்றன, கூடவே ஒரு நம்பிக்கையையும் சுமந்துகொண்டு. நாணயம் ஒட்டிய இளைஞரும் அதைத்தான் கேட்டார்: "ஃபோன்ல கேக்குறதைவிட இதுதானே அண்ணா ஒரிஜினல் சவுண்டு?"

இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். குறுந்தகட்டில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவாகிறது. அளவுக்கும் அளவுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியிலிருந்த இசை தொலைந்துபோகிறது, தட்டிலோ கோடு அறுபடாமல் ஓடுவதால் எதுவும் தொலைவதில்லை என்பதுதான் பலருடைய எண்ணம். இதற்குச் சான்றாக, டிஜிட்டல் அலையைப் படிக்கட்டு போல வரைந்த ஒரு படத்தையும் காட்டுவார்கள். அந்தப் படம் தவறு. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண்ணைப் பாருங்கள். புள்ளிகள் மட்டுமே கோலம் ஆகிவிடுவதில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே கோடு எப்படி வளைய வேண்டும் என்ற விதி அவர் கையில் இருக்கிறது. இங்கே அந்த விதி இன்னும் கறாரானது. அளக்கும் வேகத்தில் பாதிக்குக் குறைவான அதிர்வுகள் மட்டுமே ஒலியில் இருக்குமானால், அந்தப் புள்ளிகள் வழியே ஒரே ஒரு வளைகோடுதான் செல்ல முடியும். இரண்டாவது கோட்டுக்கு இடமே இல்லை. 44,100இல் பாதி 22,050. மனிதக் காது நல்ல இளமையிலேயே ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். என் வயதில் அதுவும் இல்லை. நைகுவிஸ்ட், ஷானன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் முறையே 1928இலும் 1949இலும் எழுதி வைத்த கணக்கு இது. உங்கள் ஃபோனிலிருந்து வெளிவருவது படிக்கட்டு அல்ல, வழவழப்பான அலைதான். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்க விரும்புகிறவர்கள் கடைக்கு வரலாம், காட்டுகிறேன்.

தட்டின் கதையையும் கேளுங்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே குறுந்தகடு ஏறத்தாழ 96 டெசிபல் இடம் தருகிறது; நன்றாக அச்சான எல்.பி., அதாவது வினைல் என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்ட தட்டு, 70 டெசிபலைத் தொட்டாலே பெரிது. மேலும், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் 12 அங்குலத் தட்டின் வெளிவரியில், அதாவது முள் ஓடும் பள்ளத்தின் வெளிச்சுற்றில், முள் நொடிக்கு 50 சென்டிமீட்டர் கடக்கிறது. நடுச்சீட்டை நெருங்கும்போது அது 21 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே பாட்டை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கித் திணிக்க வேண்டியிருப்பதால்தான் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' எல்லாம் சீறுகின்றன. முள்ளைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேரின் குறை இதுதான். இன்று புதிதாக வரும் எல்.பி.க்களில் பெரும்பாலானவை டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். தன் தட்டுகள் முழுக்க ஒலிநாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை என்று வாங்குவோர் நம்பிவந்த ஓர் அமெரிக்க நிறுவனம், இடையில் டிஜிட்டல் படி ஒன்று இருந்ததை 2022இல் ஒப்புக்கொண்டது. அதுவரை பல்லாண்டுகள் காதால் கேட்டு அதைக் கண்டுபிடித்தவர் எவருமில்லை.

அப்படியானால் தட்டு வேண்டாமா என்று கேட்டால், அப்படியும் சொல்லமாட்டேன். என் வீட்டிலும் ஒரு பிளேயர் இருக்கிறது. பழைய பாடல்கள் சிலவற்றை மறுவெளியீட்டில் சத்தத்தைத் தூக்கி நசுக்கிவிட்டார்கள். தேய்ந்த தட்டிலிருந்து அவசரமாக நகலெடுத்து ஏற்றியவையும் உண்டு. அவற்றுக்கு அந்தக் காலத்து நல்ல தட்டு மேல். ஆனால் அது பதிவின் தரம்; தட்டு என்ற பொருளின் தரம் அல்ல. டிஜிட்டலில் வராமலே போன தட்டுகளும் இருக்கின்றன. உறையைக் கையில் பிடித்து, பக்கம் மாற்றி உட்கார்ந்து கேட்கும் சுகத்துக்காக வாங்குகிறேன் என்பவரிடம் எனக்கு வாதமே இல்லை. வீட்டில் ஏற்கெனவே தட்டுகள் இருந்தால் ஒரு நல்ல பிளேயருக்குச் செலவு செய்யுங்கள். ஒன்றும் இல்லாமல், ஒலி உயர்வாக இருக்கும் என்று மட்டும் எண்ணித் தொடங்குகிறவர்கள் அந்தப் பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாணயத்துக்கு வருவோம். நல்ல பிளேயரில் முள் தட்டின்மேல் இறக்கும் எடை ஒன்றரை முதல் இரண்டு கிராம். சூட்கேஸ் பிளேயர்களில் இது பெரும்பாலும் ஐந்து கிராமுக்குக் குறையாது. அதன் தலைமேல் 3.79 கிராம் நாணயத்தை வேறு ஏற்றினால் அது முள் அல்ல, ஏர். தட்டு எகிறுகிறது என்றால் தட்டில் அழுக்கோ கோணலோ இருக்கும், அல்லது பிளேயர் சமமாக உட்கார்ந்திருக்காது. காரணத்தைப் பாருங்கள், கனத்தை ஏற்றாதீர்கள்.

அந்த இளைஞர் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். அவருடைய தாத்தா குடியாத்தத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் குழாய் கட்டியவர். பெட்டியில் இருந்தவற்றுள் இருபத்து மூன்று 78 சுற்றுத் தட்டுகள். அவை வினைல் அல்ல, அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர் மரத்துக்குப் பாலீஷ் போடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தட்டை ஸ்பிரிட் கலந்த சானிடைசரால் துடைக்கிறார்கள். ஒரு தட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துக் காட்டினேன். பளபளத்த கறுப்புக்கு நடுவே மூன்று விரல் அகலத்துக்குச் சாம்பல் பூத்த ஒரு பட்டை. அங்கே வரிகள் மழுங்கிவிட்டன. பஞ்சு முழுவதும் கறுப்பாக வந்தது, அழுக்கு நன்றாகப் போகிறது என்று நினைத்தேன் என்றார். வந்தது அழுக்கல்ல ஐயா, பாட்டு. இப்படி ஏழு தட்டுகள்.

பிளேயரில் 78 என்று வேகப் பொத்தான் இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அரக்குத் தட்டின் வரிக்கு எல்.பி. முள்ளைவிட மூன்று, நான்கு மடங்கு பருத்த முள் வேண்டும். சூட்கேஸ் பிளேயர்களில் ஒரே முள்தான் வருகிறது. பழைய கிராமபோனின் இரும்பு முள்ளை எல்.பி.யில் வைப்பது அதைவிடக் கொடுமை. ஒரே ஓட்டத்தில் தட்டு முடிந்தது.

நம் ஊர் வெயிலை நினைவில் வையுங்கள். வினைல் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். கத்திரியில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். பாஸே கேட்கவில்லை என்று வருகிறவர்கள், முள்ளிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கி பாஸை மீட்டுத் தரும் போனோ ப்ரீஆம்ப் என்ற கருவி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ பழைய பிளேயர் அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இந்த ஹெர்ட்ஸைப் பொறுத்தே சுற்றும் ஏ.சி. மோட்டார் வைத்த மாடலாக இருந்தால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, பாட்டு மூன்று சுரத்தானம் இறங்கிவிடும். காட்பாடியில் ஒரு பெரியவர் நான்கு மாதம் அப்படியே கேட்டுவிட்டு, வினைலில் குரல் என்ன கம்பீரமாக இருக்கிறது என்று என்னிடமே வியந்தார்.

தகரப் பெட்டி இப்போது என் கடையில் இருக்கிறது. சரியான முள்ளில் ஒவ்வொரு தட்டாக ஓட்டி, கணினியில் ஏற்றி, அந்த இளைஞர் ஃபோனிலேயே கேட்கும்படி கொடுக்கப்போகிறேன். பதினாறு முடிந்துவிட்டன. சானிடைசர் பட்ட ஏழில் ஒன்றில் மட்டும், இரைச்சலுக்கு அடியில் நாதஸ்வரம் இன்னும் கேட்கிறது.