அசையாத நீரில் துறைமுகம் ஏன் தூர்ந்துபோகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி செந்நிறமாகப் பெருகிவரும்போது ஒரு செம்பு தண்ணீரை மொண்டு வைத்துப் பாருங்கள். மணல் கண்ணெதிரே அடியில் இறங்கிவிடும். களியோ மறுநாள் காலையிலும் முழுதாகத் தெளிந்திருக்காது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதிலும் ஐம்பதில் ஒரு பங்கேயான களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும்.

ஓடும் ஆற்றில் நீரின் சுழற்சி இத்துகள்களை மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரத்தில் ஓட்டம் அடங்கியதும் மணல் படிகிறது. கடலின் உப்பு பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அவையும் விரைந்து இறங்குகின்றன. காயல் என்ற சொல்லே கடலோரத்து அமைதியான நீர்நிலையைக் குறிப்பதுதான். அலையில்லாத நீர் என்று மரக்கலங்கள் ஒதுங்கிய அதே இடம் வண்டலுக்கும் ஒதுங்குமிடமாயிற்று. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருப்பதைக் காணும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் துறைமுகத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

வண்டலோடு துறைமுகம் நடத்தும் இந்தப் போராட்டம் இன்றும் அன்றாடம் நடக்கும் இடம், அமெரிக்க – கனடா எல்லையிலுள்ள ஐந்து பேரேரிகள். அவற்றுள் ஆழம் குறைந்தது ஈரி ஏரி. அதன் மேற்குக் கோடியில் மௌமி ஆறு கலக்குமிடத்தில்தான் டொலிடோ துறைமுகம் இருக்கிறது. விளைநிலங்களின் மேல்மண்ணை அந்த ஆறு கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால், கப்பல் வரும் கால்வாயை விடாமல் தூர்வார வேண்டியிருக்கிறது. பேரேரிகளில் ஓடும் மிகப்பெரிய சரக்குக் கப்பல்கள் சுமார் 305 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் உள்ளவை. வடிவமோ ஏறக்குறைய ஒரு நீண்ட பெட்டி. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கும் என்பதால், இத்தகைய கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ ஏறக்குறைய 95 டன் சரக்கு வேண்டும். அப்படியானால், கால்வாயில் ஒரு சாண் வண்டல் படிந்தால் ஒவ்வொரு நடைக்கும் ஏறக்குறைய 2,000 டன் இரும்புத்தாதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அள்ளுவதைவிட, அள்ளியதை எங்கே போடுவது என்பதே கடினமான கேள்வி. வயல்களிலிருந்து வழிந்துவரும் பாஸ்பரஸ் சத்தால் ஈரியில் நச்சுப்பாசி பெருகி, 2014 ஆகஸ்டில் டொலிடோவில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. தூர்வாரிய மண்ணை மீண்டும் ஏரியிலேயே கொட்டும் வழக்கத்தை ஒகையோ மாநிலம் 2020 ஜூலை முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது. ஆகவே அந்த மண்ணை நிலத்தில் பரப்பிப் பயிர் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நெல்லைச் சீமையில் கோடையில் குளம் வற்றியதும் கரம்பையை வண்டிகளில் அள்ளி வயலுக்கு அடித்தவர்கள் செய்ததும் இதுதான். ஆனால் துறைமுகத்து வண்டலில் தொழிற்சாலைக் கழிவின் உலோகங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதித்துப் பார்த்த பிறகே வயலுக்குக் கொண்டுபோக முடியும்.