பேயும் காதலும் கலந்த கதைக்கு ‘அமானுஷ்யம்’ எதற்கு?

சேலம் புத்தகக் கண்காட்சியில் ஓர் அடுக்கின் மேல் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ‘அமானுஷ்ய காதல் மர்ம நாவல்கள்’. நடுவில் வரவேண்டிய க் வராததைக்கூட விட்டுவிடலாம். அந்த ‘அமானுஷ்ய’த்தை விட முடியவில்லை. பின்னட்டை, முன்னுரை, காணொளி விமர்சனம் என்று எங்கே பாராநார்மல் என்ற ஆங்கிலச் சொல் வந்தாலும் தமிழில் இதுதான் வந்து நிற்கிறது.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பாரா என்பது கிரேக்க முன்னொட்டு. பக்கத்தில், அப்பால் என்று பொருள். நார்மல் என்பதன் வேர் லத்தீன் ‘நோர்மா’, அதாவது தச்சர் கையில் இருக்கும் மூலைமட்டம். மட்டத்துக்குள் அடங்கினால் நார்மல், அடங்காமல் தள்ளி நின்றால் பாராநார்மல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த சொல் இது. காதல் கதைகளோடு அதை ஒட்டவைத்தது பிற்காலத்துப் பதிப்பகத்தார் வேலை.

அமானுஷ்யம் என்றால் மனிதத் தன்மை இல்லாதது. வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பொருள் பொருந்தவில்லை, தொனி அதைவிட மோசம். ‘அமானுஷ்ய அமைதி’ என்று எழுதினால் ஆள் நடமாட்டமே இல்லாத இடம்தான் கண்ணில் வருகிறது. ஆனால் இந்த வகைக் கதைகளில் நடப்பது என்ன? ஒரு பெண்ணுக்குச் சின்ன ஊரில் பழைய வீடோ கடையோ வந்து சேரும். அங்கே ஏற்கெனவே ஒரு பேய் குடியிருக்கும். ஊரில் ஒரு கொலை விழும், ஆனால் ரத்தத்தைப் பக்கம் பக்கமாகக் காட்ட மாட்டார்கள். பேய்க்கு உண்மை தெரியும். ஆனால் பேய் சொன்ன சாட்சியத்தை எந்தப் போலீஸ் ஏற்கும்? ஆகவே அந்தப் பெண் கண்ணுக்குத் தெரிகிற ஆதாரத்தைத் தேடி அலைய வேண்டும். இதற்கு நடுவே காதல், பேய்க்குப் பொறாமை, அக்கம்பக்கத்து வம்பு. பயம் உண்டு, ஆனால் கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அதனால்தான் வேலை முடிந்து வந்து படுக்கையில் சாய்ந்தபடி படிக்கிறார்கள். இந்தக் கதைகளில் மனிதத் தன்மை மிகுந்த பாத்திரமே பேய்தான். அதைப் போய் அமானுஷ்யம் என்றால் எப்படி?

ஷவை எடுத்துவிட்டு ‘அமானுடம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எழுத்தை மாற்றினால் பொருள் மாறிவிடுமா?

அடுத்தது ‘மீயியற்கை’. உழைத்துச் செய்த சொல், சந்தேகமில்லை. மீ என்றால் மேல். ஆனால் இயற்கைக்கு மேலே இருப்பது தெய்வமும் அற்புதமும். சமையலறையில் வந்து காபி ஆறிவிட்டது என்று குறைசொல்லும் பேய் எதற்கு மேலே இருக்கிறது? அது பக்கத்தில் அல்லவா இருக்கிறது? சூப்பர்நேச்சுரலுக்குச் செய்த சட்டையைப் பாராநார்மலுக்கு மாட்டிவிட்டார்கள். ‘மீயியற்கைக் காதல்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அறிவியல் பாடநூலின் வாடை வரும். முன்னொட்டுக்கு முன்னொட்டு வைத்துப் பெயர்ப்பதுதான் முறை என்றால், பாராமெடிக்கல் துணைமருத்துவம் ஆனதுபோல இது ‘துணையியல்பு’ ஆகியிருக்க வேண்டும். நல்லவேளை, யாருக்கும் அது தோன்றவில்லை.

பச்சைத் தமிழில் ‘பேய்க்காதல்’ என்றே வைக்கலாமே என்றால், அதிலும் சிக்கல். பேய்மழை என்றால் பேய் பெய்த மழையா? பேய்ச்சுரை, பேய்க்கரும்பு எல்லாம் உண்ண உதவாதவை. முன்னால் பேய் வந்தால் அளவு மீறியது, இல்லாவிட்டால் கசப்பது. பேய்க்காதல் வெறிபிடித்த காதல் ஆகிவிடும்.

என் கட்சி ‘அணங்கு’. வருத்தும் தெய்வம் என்பது அதன் பழைய பொருள். ஆளை வருத்துகிற அழகும் அணங்குதான். காமத்துப்பாலின் முதல் குறளே ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்றுதான் தொடங்குகிறது. எதிரே நிற்பவள் பெண்ணா, வேறு ஏதாவதா என்று ஒருவன் திகைக்கிறான். பேய், காதல், புதிர் மூன்றும் ஒரே அடியில்! நற்றிணை 34 இன்னும் வேடிக்கை. மகள் மெலிந்ததற்கு முருகன்தான் காரணம் என்று வேலன் என்ற முருகன் பூசாரியை அழைத்து வெறியாட்டு என்னும் சாமியாட்டம் நடத்துகிறார்கள். உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். இது உன் அணங்கு அல்ல என்று தெரிந்தும் வந்து நிற்கிறாயே என்று முருகனையே கேட்கிறாள்: ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!’ கடவுளாகவே இரு, ஆனாலும் நீ மடையன்தான். மலைநாட்டைச் சொல்லும் குறிஞ்சித் திணைப் பாட்டு இது. இதற்கு மேல் இந்த வகைக்கு என்ன முன்மாதிரி வேண்டும்?

அணங்கு யாருக்குப் புரியும் என்கிறார்கள். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்திலிருந்து ‘தமிழணங்கே’ என்று பள்ளியில் தினமும் பாடித்தானே வளர்ந்தோம்? அமானுஷ்யம் மட்டும் தாய்ப்பாலோடு வந்ததா?

இதில் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான் எனக்குக் கோபம். இப்படிப்பட்ட கதைக்கு ஏற்காட்டைவிட நல்ல இடம் கிடைக்காது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபித் தோட்டங்கள் வந்தன, பின்னாலேயே பங்களாக்களும் வந்தன. மூடுபனி ஏற்கெனவே இருந்தது. ஆனால் இங்கே கதையை நடத்துகிறவர்களும் ஆங்கிலத்தில் யோசித்து, பங்களா வாட்ச்மேனை ‘நான் இங்கே ஓர் அமானுஷ்ய சக்தியை உணர்கிறேன்’ என்று பேசவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து ஆள் அப்படியா சொல்வார்? ‘அந்தப் பக்கம் காத்து கருப்பு இருக்குங்க, பொழுது சாஞ்சா போவாதீங்க’ என்பார். அப்புறம் ஆவி. பேயும் ஆவி, காபியிலிருந்து எழுவதும் ஆவி. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் எதைக் கண்டு கதாநாயகி அலறினாள் என்று தெரியாமல் வாசகர் முழிக்க வேண்டியதுதான்.

‘மர்ம நாவல்’ என்பதை இந்த ஒரு வகைக்காவது தள்ளிவைக்கலாம். மர்மம் இருண்டு கிடக்கிறது. துப்பறிதலில் ஓடியாடும் சுறுசுறுப்பு இருக்கிறது. அடுத்த கண்காட்சிக்கு அட்டை எழுதுகிறவர்கள் ‘அணங்குக் காதல், துப்பறியும் நாவல்கள்’ என்று எழுதிப் பார்க்கட்டும். அந்தக் க்-ஐ மறக்காமல்.