தொப்பி போட்ட குதிர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டு டோகோன் இன மக்களின் ஊர்களை ஏதாவது ஒரு படத்தில் பார்த்திருப்பீர்கள். செங்குத்தான பாறை, அதன் அடிவாரத்தில் மண்நிறக் குட்டிக் கோபுரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கூம்பு வடிவ வைக்கோல் தொப்பி. அவைதான் வீடுகள் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. வீடுகள் மொட்டைமாடியோடு பாறையோடு பாறையாகக் கலந்து கிடக்கின்றன. தொப்பி போட்டவை தானியக் குதிர்கள்.

அந்தப் பாறைச் சரிவின் பெயர் பாண்டியாகரா (பாண்டியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). சுமார் 150 கி.மீ. நீளம், 1989-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். ஒரு விளைச்சலை வைத்துக்கொண்டு அடுத்த அறுவடை வரை ஓட்ட வேண்டும். விளைவதில் முக்கியமானது கம்பு, நாம் கூழ் காய்ச்சும் அதே கம்பு. அதன் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். வடக்கு மாலியில் சுமார் 4,500 ஆண்டுப் பழைய கம்பு கிடைத்திருக்கிறது.

தானியத்துக்கு முதல் எதிரி ஈரம். ஈரப்பதம் சுமார் 13 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் தலைகாட்டும், பூச்சியும் பெருகும். சரி, நன்றாகக் காயவைத்துத் தகர டிரம்மில் கொட்டி மூடிவிட்டால் போதாதா? சுடுசோற்றை டப்பாவில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்க்கிறதே, அதுதான் இங்கேயும் சிக்கல். காய்ந்த தானியத்திலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். பகலில் தகரம் சுடும்போது அது ஆவியாகிறது. இரவில் தகரம் சட்டென்று குளிர, ஆவி உள்சுவரில் நீர்த்துளியாகப் படிகிறது. சுவரை ஒட்டிய தானியம் நனைந்து, அங்கிருந்து கெடத் தொடங்குகிறது.

மண்சுவர் இந்த இரண்டையும் தடுக்கிறது. பகல் வெயில் அதன் ஊடாக உள்ளே வர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் உள்ளே வெப்பம் அதிகம் ஏறி இறங்குவதில்லை. போதாக்குறைக்கு, மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மிஞ்சிய ஆவியை அது குடித்துக்கொண்டு, வெளிக்காற்று வறண்டிருக்கும்போது விட்டுவிடும். வைக்கோல் கலந்து குழைப்பதால் காயும்போது வெடிப்பும் குறைவு.

அந்த மண்ணுக்கு ஒரே பலவீனம் ஓடும் தண்ணீர். தொப்பியின் வேலை அதுதான்: கொட்டும் மழையைச் சட்டென்று வழித்து, சுவரைத் தொடாமல் தள்ளி விழவைப்பது. கீழே கல்லைக் கால்களாக வைத்துக் குதிர்களைத் தூக்கி நிறுத்துகிறார்கள். தரையின் ஈரம் சுவரில் ஏறாது; கறையான் ஏறினால் அதன் மண்தடம் கண்ணில் பட்டுவிடும்.

கம்பை அவர்கள் அடித்து உதிர்ப்பதில்லை, கதிராகவே அடுக்குகிறார்கள். இதைத்தான் நான் ரொம்ப ரசிக்கிறேன். கதிர்களுக்கு நடுவே காற்று நிற்கும், மணியை உமி மூடியிருக்கும். சமைக்கிற அளவுக்கு மட்டும் எடுத்து உரலில் இடிப்பார்கள். மிஞ்சும் கம்பந்தட்டையும் வீணாவதில்லை. ஆண்கள் கூடிப் பேசும் தோகுனா என்ற சாவடிக்கு அதுவே கூரை, அடுக்கடுக்காக. நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்குத் தாழ்வான கூரை அது. கோபத்தில் துள்ளி எழுந்தால் தலை இடிக்கும்.

குதிர்களில் ஆண் குதிர், பெண் குதிர் என்று இரண்டு உண்டு. குடும்பத்தின் கம்பு ஆண் குதிரில் இருக்கும். பெண் குதிர் வீட்டுப் பெண்ணுக்கே சொந்தம்; உள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து, தன் விளைச்சல், நகை, துணிமணியை வைத்துக்கொள்வாள். கணவனானாலும் கேட்காமல் திறக்கக் கூடாது.

கதவு சுவரின் மேல்பாகத்தில், ஓர் ஆள் நுழைய மட்டும் இடம்விட்டு, மரப்பூட்டோடு இருக்கும். முன்பெல்லாம் அதில் வரிசை வரிசையாக மனித உருவங்களைச் செதுக்குவார்கள். அந்தக் கதவுகளில் பலவற்றைச் சேகரிப்பாளர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் தொங்குகின்றன. அந்த இடத்தில் இப்போது பல குதிர்களில் வெறும் பலகைதான். எலிக்கு இரண்டும் ஒன்றுதான்.