சொல் விளக்கம்: உயில்

பார்வைக்கு அசல் தமிழ்ச்சொல். ‘உயிர்’ என்பதோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. உண்மையில் ‘வில்’ என்ற ஆங்கிலச் சொல்தான் தமிழ் நாவில் உருண்டு ‘உயில்’ ஆனது. தன் காலத்துக்குப் பின் சொத்து யாருக்குச் சேர வேண்டும் என எழுதிவைக்கும் பத்திரம் அது. அகராதிகள் ‘மரண சாசனம்’ என்றும் தரும். தமிழ் முஸ்லிம்கள் ‘வசிய்யத்’ என்பார்கள். ‘விருப்பாவணம்’ என்பதே எனக்கு உகந்தது.

காரணம் உண்டு. சிங்கப்பூரில் சேர்ந்து வாழும் இரு பெண்களின் திருமணம், வெளிநாட்டில் பதிவானதாக இருந்தாலும், மாதர் சாசனம் என்னும் திருமணச் சட்டத்தின்படி செல்லாது. ஓரினப் பாலுறவைக் குற்றமாக்கி, 2023 ஜனவரியில் நீங்கிய 377ஏ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. அது போனதால் இப்பெண்களின் சொத்துரிமையில் எதுவும் மாறவில்லை. முஸ்லிமல்லாத, பிள்ளையில்லாத ஒருத்தி உயில் எழுதாமல் இறந்தால், உயிலின்றி இறந்தோர் சொத்து பற்றிய 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து பெற்றோருக்கு, அவர்கள் இல்லையெனில் உடன்பிறந்தோருக்கு, பிறகு தாத்தா பாட்டி, மாமா, அத்தை, ஒருவருமில்லையெனில் அரசாங்கத்துக்கு. காலமெல்லாம் கூட வாழ்ந்த துணைவிக்கு இந்த வரிசையில் அரசாங்கத்துக்குப் பின்னால்கூட இடமில்லை. அவளுக்கு இடம் தருவது எழுதியவளின் விருப்பம் ஒன்றே.

எழுத 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இரு சாட்சிகள் வேண்டும். துணைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு எழுதிய பங்கே செல்லாமல் போகும். பலர் இடறுவது இங்கேதான். மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது, அதற்குத் தனி நியமனம் வேண்டும். பிள்ளை பெற்றவள் தன் மறைவுக்குப் பின் துணைவியைப் பாதுகாவலராக உயிலில் நியமிக்கலாம். முஸ்லிம் பெண் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுத முடியும்.

வழக்கறிஞர்தான் எழுதித்தர வேண்டும் என்ற விதி இல்லை. ஆனாலும் இலவசச் சட்ட ஆலோசனைக்காவது போய்க் கேட்பது நல்லது. “கணவர் பெயர்?” என்று கேட்டதுமே துணைவியைத் ‘தோழி’ ஆக்கிவிடத் தோன்றும். தோழி என்று மட்டுமே கேள்விப்பட்ட வழக்கறிஞருக்குப் பாதுகாவலர் பேச்சோ சேமநிதி நியமனமோ நினைவுக்கு வராது. அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம். கட்சிக்காரர் சொல்வதை வெளியே சொல்லாமலிருப்பது அவர் கடமை. பத்திரத்தில் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். என்ன உறவு என்று எழுதச் சட்டம் கேட்பதில்லை.