இரண்டு எறும்புத்தின்னிகள், ஒரே நாக்கு

எறும்புத்தின்னி என்ற பெயரைத் தமிழில் இரண்டு விலங்குகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று செதில் போர்த்திய அழுங்கு. மற்றொன்று புதர்போன்ற வாலுடைய தென் அமெரிக்க ராட்சத எறும்புத்தின்னி. அறிவியலும் இவற்றை ஒரு காலத்தில் சேர்த்தே வைத்திருந்தது. வாயில் பல்லே இல்லை என்பதால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே இரண்டையும் 'பல்லில்லாதவை' குழுவில் அடக்கினார். மரபணு ஆய்வுகள் 2001-இல் வேறு கதை சொல்லின. அழுங்குக்கு நெருங்கிய சொந்தம் பூனையும் நாயும். ராட்சத எறும்புத்தின்னிக்கோ மரத்தில் மெல்ல நகரும் ஸ்லாத்தும் ஓடு போர்த்திய அர்மாடில்லோவும். இரு வழிகளும் பிரிந்து ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இவ்வளவு விலகியவற்றை ஒன்றுபோல் ஆக்கியது சாப்பாடுதான். இதைக் குவிபரிணாமம் என்பார்கள். ராட்சத எறும்புத்தின்னி உண்பதைக் கவனியுங்கள். நகத்தால் புற்றைக் கீறுகிறது. துளை விழுந்ததும் மூக்கை நுழைக்கிறது. சுமார் 60 செ.மீ. நீளும் பசைநாக்கு நிமிடத்துக்கு 150 தடவை போய் வருகிறது. புற்றைக் காக்கும் சிப்பாய்ப் பூச்சிகள் கடிக்கத் திரள்வதற்குள், பெரும்பாலும் ஒரு நிமிடத்திலேயே, அது அடுத்த புற்றுக்கு நகர்ந்துவிடும். புற்று பிழைத்துக்கொள்கிறது; பின்னொரு நாள் அங்கேயே மறுபடி விருந்து!

நம் நாக்கு தொண்டையிலுள்ள நாவடி எலும்போடு நின்றுவிடுகிறது. இந்த இரண்டிலும் நாக்கை இழுக்கும் தசை மார்பெலும்புவரை இறங்குகிறது. அழுங்கில் அந்த எலும்பின் நுனி விலாவையும் தாண்டி வயிற்றுப் பகுதிக்குள் நீண்டிருக்கிறது. மெல்லும் வேலையை இரண்டுக்கும் இரைப்பையின் தடித்த தசையே செய்கிறது. அழுங்கு இதற்காகச் சிறுகற்களையும் விழுங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு வெளியே தெரியாதது. பூச்சியின் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. அதைச் செரிக்கும் நொதிகளுக்கு நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டிகளின் மூதாதையரிடம் ஐந்து மரபணுக்கள் இருந்தன. ராட்சத எறும்புத்தின்னியின் சின்ன உறவான தமண்டுவா அவற்றில் பலவற்றை இன்றும் பயன்படுத்துகிறது. அழுங்கின் வம்சத்திலோ நான்கு செயலிழந்துவிட்டன. இழந்த மரபணு திரும்பி வரவில்லை. எஞ்சிய ஒன்றையே எச்சில் சுரப்பியிலிருந்து குடல்வரை எங்கும் மிகுதியாக இயக்கி, அழுங்கு அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.