அந்த 20 கிலோமீட்டர் என்ன செய்கிறது?

அகலமான நெடுஞ்சாலை. அடுத்தடுத்த தடங்களில் இரண்டு கார்கள் போகின்றன. ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், மற்றது 120-ல். ஒரே ரகக் கார், ஒரே டயர், ஒரே பிரேக். ஓட்டுகிறவர்களும் திறமையில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. வேகமான கார் மற்றதை முந்துகிற நொடியில், இரண்டின் முகப்பும் ஒரே கோட்டில் இருக்கும்போது, 97 மீட்டர் தள்ளி ஒரு லாரி இரு தடங்களையும் அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்பது தெரிகிறது. இருவரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள், ஒரே கணத்தில் பிரேக்கை அழுத்துகிறார்கள்.

100-ல் வந்த கார் லாரியை உரசாமல் மயிரிழையில் நின்றுவிடும். சரி, மற்ற கார் என்ன வேகத்தில் போய் மோதும்? இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். "20 கி.மீ. இருக்குமா?" என்பார்கள். யோசித்துச் சொல்பவர்கள் 30, 40 என்பார்கள். உண்மையில் அது 77 கி.மீ. வேகத்தில் மோதும்.

நெடுஞ்சாலையில் வேக வரம்பைக் கூட்டலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 77 தான். எப்படி வந்தது என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை அழுத்தி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அதுவரை வண்டி பழைய வேகத்தில்தான் ஓடும். 100-ல் போகிறவர் அதற்குள் 42 மீட்டர் கடந்திருப்பார். 120-ல் போகிறவர் 50 மீட்டர். ஆக, பிரேக் பிடிக்கும்போது முதல் காருக்கு 55 மீட்டர் மிச்சம், இரண்டாவதற்கு 47 மீட்டர்.

அப்புறம் ஆற்றல் கணக்கு. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-ஐ வர்க்கப்படுத்தினால் 10,000. 120-ஐ வர்க்கப்படுத்தினால் 14,400. வேகம் 20 சதவீதம் கூடினால் ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடுகிறது. பிரேக்கும் டயரும் சேர்ந்து ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலைத் தின்னும். காய்ந்த, நல்ல சாலையில் முதல் கார் தன் 10,000-ஐ 55 மீட்டரில் கரைக்கிறது என்றால், மீட்டருக்கு 182. இரண்டாவது காருக்குக் கிடைப்பது 47 மீட்டர்; அதில் கரைவது சுமார் 8,500. மிச்சம் 5,900. அதன் வர்க்கமூலம்தான் 77.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. பிரேக் போட்டதும் வேகம் தூரத்துக்குத் தக்கபடி சீராகக் குறைவதில்லை. 100-லிருந்து நிற்க 55 மீட்டர் வேண்டும் என்றால், பாதித் தூரம் தாண்டிய பிறகும் வண்டி 71-ல் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிச் சில மீட்டர்களில்தான் முள் மடமடவென்று இறங்கும். வேகமாக வந்தவருக்கு அந்தக் கடைசி மீட்டர்களே கிடைப்பதில்லை. மழை பெய்து டயரின் பிடிப்பு குறைந்துவிட்டால் எல்லாத் தூரமும் இன்னும் நீளும்.

77 கி.மீ. வேகத்தில் ஓர் அசையாப் பொருள் மீது மோதுவது, 23 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏழு மாடியிலிருந்து, காரோடு தலைகீழாக விழுவதற்குச் சமம். "என் காருக்கு ஐந்து நட்சத்திரம்" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். நட்சத்திரம் கொடுக்கும் சோதனைகள் பலவற்றில் முன்பக்க மோதல் நடப்பது 64 கி.மீ. வேகத்தில்தான். 77-ல் மோதும்போது ஆற்றல் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் உடலைத் தாங்கிக்கொண்டாலும், உள்ளே இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் மண்டைக்குள் மிதக்கும் மூளையும் முன்னோக்கி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவற்றுக்குப் பெல்ட் கிடையாது.

"வரம்பைக் கூட்டினால் எல்லாரும் 120-ல் பறக்கவா போகிறார்கள்?" என்று கேட்பது நியாயம்தான். பறப்பதில்லை. வரம்பை 20 கூட்டினால் சராசரி வேகம் அதில் ஒரு பகுதிதான் கூடும். ஆனால் அந்தச் சின்ன உயர்வே போதும். சுவீடன் ஆய்வாளர் யோரன் நில்சன் தம் நாட்டில் வரம்புகள் மாறியபோதெல்லாம் விபத்துகள் எப்படி மாறின என்று அலசி ஒரு விதியைச் சொன்னார்: மரணத்தில் முடியும் விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி மாறும். பின்னர் நார்வேயின் ரூனே எல்விக் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். அடுக்கு சாலைக்குச் சாலை கொஞ்சம் மாறுகிறது. வேகம் கூடினால் சாவு அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் கூடும் என்பது மாறவில்லை.

ஒரு சாலையில் சராசரி வேகம் 95-லிருந்து 100 ஆகிறது என்று வையுங்கள். 300 கி.மீ. பயணத்தில் மிச்சமாவது ஒன்பதரை நிமிடம். நில்சன் விதிப்படி மரண விபத்துகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். இந்த ஒன்பதரை நிமிடத்துக்கு இது மிக அதிக விலை என்றே நான் நினைக்கிறேன்.

வரம்பைக் குறைத்துப் பார்ப்பது அமெரிக்காவில் நாடளவில் நடந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக, 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கி.மீ., என்று வரம்பு விதித்தார்கள். சாலை மரணங்கள் ஓராண்டில் சுமார் 54,000-லிருந்து 45,000-க்கு இறங்கின. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பயணமே குறைந்திருந்தது, ஆகவே முழுப் பெருமையும் வரம்புக்குச் சேராது. ஆனாலும் உயிரைக் காப்பதற்கென்று கொண்டுவராத ஒரு விதி உயிர்களைக் காத்தது. 1987-ல் ஊர்ப்புறப் பெருஞ்சாலைகளில் அதைத் தளர்த்தினார்கள்; 1995-ல் கூட்டாட்சி வரம்பையே நீக்கினார்கள்.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு: ஆபத்து வேகத்தில் இல்லை, வண்டிகளுக்கு இடையிலான வேக வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்பது. 1964-ல் டேவிட் சாலமன் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, சராசரியைவிட மிக மெதுவாகப் போனவர்களும் அதிகம் விபத்தில் சிக்கியதாகக் காட்டியது. திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்த வண்டிகளும் அந்த 'மெதுவானவர்கள்' கணக்கில் சேர்ந்திருந்ததைப் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். வேக வித்தியாசம் ஆபத்து என்பதை நானும் ஏற்கிறேன். அதனாலேயே கேட்கிறேன்: 60-ல் உருளும் சுமை லாரியும் காரும் ஒரே தடத்தைப் பகிரும் சாலையில், காரை மட்டும் 120-க்கு விட்டால் வித்தியாசம் குறையுமா, கூடுமா? 200 மீட்டர் முன்னால் போகும் அந்த லாரியை 100-ல் வரும் கார் 18 நொடியில் நெருங்கும். 120-ல் வந்தால் 12 நொடியில்.

ஜெர்மனியின் ஆட்டோபானையும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே பல பகுதிகளில் கட்டாய வரம்பு இல்லை. 1978 முதல் 130 என்பது பரிந்துரை மட்டும். அந்த நாட்டின் சாலை மரணங்களில் பெரும்பங்கு நிகழ்வதும் ஆட்டோபானில் இல்லை, ஊர்ப்புறச் சாலைகளில்தான். காரணத்தைச் சாலையில் பார்க்க வேண்டும். ஆட்டோபானில் குறுக்குச் சாலை கிடையாது. எதிர்த் திசைக்கும் நமக்கும் நடுவில் தடுப்பு உண்டு. சைக்கிளும் நடப்பவரும் உள்ளே வர முடியாது. மெதுவான வரம்புள்ள சாலைகளில் குறுக்குச் சாலையும் எதிரே வரும் வண்டியும் சைக்கிளும் நடப்பவரும் உண்டு, சாவும் உண்டு.

சுவீடன் 1997-ல் 'பூஜ்ய மரணம்' என்ற இலக்கை நாடாளுமன்றத்தில் ஏற்றது. அந்தச் சிந்தனையில் வரம்பைத் தீர்மானிப்பது காரின் திறன் அல்ல, மனித உடலின் தாங்குதிறன். நடப்பவர் குறுக்கே வரக்கூடிய இடமா, 30. பக்கவாட்டில் கார் மோதக்கூடிய சந்திப்பா, 50. நேருக்கு நேர் மோதல் சாத்தியமா, 70. இவை எதுவுமே நடக்க முடியாதபடி சாலையை அமைத்த பிறகுதான் 100-ம் அதற்கு மேலும். சாலையை முதலில் மாற்று, பலகையை அப்புறம் மாற்று என்ற இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. பலகையை மாற்ற ஒரு நாள் போதும், சாலையை மாற்ற ஆண்டுகள் ஆகும். ஆகவே நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

இரவில் நிலைமை இன்னும் இறுக்கம். ஹெட்லைட்டை டிம்மில் வைத்தால் தெளிவாகத் தெரிவது 50, 60 மீட்டர்தான். 100-ல் போனாலே நிற்க 97 மீட்டர் வேண்டும்.

இதுவரை பேசியது காருக்குள் இருப்பவரைப் பற்றி. சாலையோரம் நிற்பவருக்கு அந்த 20 கி.மீ. என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கடக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதன் வேகத்தை அளப்பது கண்ணுக்குக் கடினம். இரண்டு தடங்களைக் கடக்க 7 மீட்டர் நடக்க வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் ஒரு முதியவருக்கு அது 7 நொடி. 200 மீட்டர் தள்ளி வரும் காரைப் பார்க்கிறார், நேரம் இருக்கிறது என்று கால் வைக்கிறார். அந்தக் கார் 100-ல் வந்தால் அவரிடம் வந்து சேர 7.2 நொடி ஆகும். 120-ல் வந்தால் 6 நொடி. அப்போது அவர் இரண்டாவது தடத்தில் இருப்பார், மறுகரைக்கு இன்னும் ஒரு மீட்டர்.